கோபுரத்துக்கு வயது என்ன?

கேள்வி:

ஐயா, நான் ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, ராஜபாளையத்துப் பக்கம். மகளும் மருமகனும் போன சித்திரையில் எங்கள் இரண்டு பேரையும் இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரோமில் நான்கு நாள் இருந்தோம். அங்கே பாந்தியன் என்ற கட்டடத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவ்வளவு பெரிய கவிகைக் கூரை, உள்ளே ஒரு கம்பி கிடையாது, கான்கிரீட், வயது 1,900 என்று வழிகாட்டி சொன்னார். நான் 1988-இல் கட்டிய என் வீட்டு மொட்டைமாடியில் கம்பி துருப்பிடித்து இப்போதே காரை பெயர்ந்து விழுகிறது. வாழ்நாள் முழுக்க சிமென்ட்டோடு கிடந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஊர் திரும்பியபின் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கோபுரத்தைப் பார்த்து ஒரே கேள்வி. இது எதனால் கட்டியது? வயது என்ன? பெரியாழ்வார் கட்டியது என்கிறாள் என் மனைவி. அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று நான் படித்த நாளிலிருந்து நம்புகிறேன். மருமகன் மதுரைக்காரர், அது மீனாட்சி கோயில் கோபுரம் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொன்று: ரோமில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை சொல்லிக் காட்டினார்கள். நம்ம ஊரை அப்படி ஒரு நாளில் முறையாகப் பார்க்க வழி உண்டா?

– வாசகர், ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்

பதில்:

மருமகன் மதுரைக்காரர் என்று எழுதிவிட்டீர்கள். ஆகவே முத்திரைப் பஞ்சாயத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

எதனால் கட்டியது என்ற கேள்விக்கு உங்கள் கையிலேயே பதில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல். உங்கள் ஆலையில் அதை உடைத்து, களிமண்ணோடு சேர்த்து அரைத்து, சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, கிளிங்கராக்கி, ஜிப்சம் கலந்து மாவாக்கி மூட்டை பிடித்தீர்கள். அதே கல்லைக் களிமண் சேர்க்காமல், 900 டிகிரிப் பக்கம் சூடேற்றி நிறுத்திக்கொண்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். மதுரையில் காளவாசல் என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அந்தப் பெயர் இப்படிச் சுடும் சூளைக்கு உரியது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதும் ரோமின் கவிகைக் கூரையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இந்தச் சுண்ணாம்புதான். நாம் இன்று சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அதாவது உங்கள் தொழிலுக்கு வயது இருநூறு. சுண்ணாம்புச் சாந்துக்கு ஆயிரக்கணக்கில்.

ரோமானியர் அந்தச் சுண்ணாம்போடு கலந்தது எரிமலைச் சாம்பல். நேப்பிள்ஸ் அருகே பொத்சுவோலி என்ற ஊர்ப் பக்கம் தோண்டி எடுத்தார்கள். வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றுப்பட்டு மெல்ல இறுகும். இந்தச் சாம்பல் சேர்ந்தால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். பிளினி என்ற ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைக் குறித்துவைத்தார்: கடல் அலை பட்டதும் அந்தத் தூள் ஒரே கல்லாகி, நாளுக்கு நாள் வலுக்கிறது என்று. அதே பிளினிதான் இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை ரோமப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறதே என்று புலம்பியவர். மிளகு, முத்து, மெல்லிய துணி வாங்கிய செலவு அது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்தப் பக்கம் போன மனிதர் திரும்பவில்லை. நம் மிளகைப் பற்றிக் குறைப்பட்டதும் சாம்பலின் அருமையைச் சொன்னதும் ஒரே பேனா என்பது எனக்கு எப்போதும் ஒரு சுவாரசியம். ரோமில் மிளகுக்கென்றே ஒரு கிடங்கு இருந்தது. ஃபோரம் என்று இடிபாடுகளுக்கு நடுவில் நடக்கவைத்திருப்பார்களே, அங்கே மாக்ஸென்டியஸ் மண்டபத்துக்கு அடியில் இருக்கிறது அந்த இடம். வழிகாட்டி காட்டியிருக்க மாட்டார்.

நமக்கு எரிமலை இல்லை. நம் கொத்தனார்கள் செங்கல்லை இடித்துப் பொடியாக்கிச் சுர்க்கி என்று கலந்தார்கள். சூளையில் வெந்த களிமண்ணும் எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்போடு செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மேல் கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டிக் கரைசல். வட்டமாகப் பள்ளம் வெட்டி, கல் சக்கரத்தை மாடு கட்டிச் சுற்றவிட்டு நாள்கணக்கில் அரைப்பார்கள். கருப்பட்டி சேர்ந்தால் சாந்து குழைவாக வரும், அவசரப்பட்டு இறுகாது. பழைய வீட்டுச் சுவரைத் தட்டினால் சுத்தியல் துள்ளுகிறது என்று சொல்வார்களே, அது இந்த அரைப்பின் வேலை.

2023-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரோமானியக் கான்கிரீட்டில் தென்படும் வெள்ளைக் கட்டிகளைப் பற்றி ஒரு முடிவை வெளியிட்டார்கள். அதுவரை அவற்றைச் சரியாகக் கலக்காத சுண்ணாம்பு என்றே நினைத்திருந்தார்கள். சுட்ட சுண்ணாம்பை நீற்றாமல் அப்படியே சூட்டோடு கலந்ததால் தங்கியவை அவை. விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கும்போது அந்தக் கட்டி கரைந்து ஓடி, விரிசலில் மறுபடி கல்லாகப் படிந்து அடைக்கிறது என்பது அவர்கள் கண்டது. நம் கொத்தனாரிடம் கட்டி கட்டியாகச் சுண்ணாம்பைக் காட்டினால் அரைத்தவனை ஏசுவார். ஆளுக்கொரு வழி.

சரி, உங்கள் மொட்டைமாடி. அங்கே பழி சிமென்ட் மேல் இல்லை, கம்பி மேல்தான். ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். பாந்தியனில் கம்பி இல்லை, ஆகவே துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனால் கம்பி இல்லாமல் தட்டையான கூரை போட்டால் தொங்கி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கவிகை. பாரத்தில் பெரும்பகுதி அமுக்கமாக மாறிச் சுவருக்கு இறங்கிவிடுகிறது. 43 மீட்டருக்குச் சற்று மேல் விட்டம். அடியில் சுமார் ஆறு மீட்டர் கனம், உச்சியில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். கீழே கனமான கல்ஜல்லி, மேலே போகப் போக எடை குறைந்த ஜல்லி, உச்சிக்கு அருகில் நுரைக்கல். நட்ட நடுவில் பாரமே வேண்டாம் என்று ஒன்பது மீட்டர் ஓட்டை.

இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். இப்போது கோபுரத்துக்கு வாருங்கள். அடித்தளம் முழுக்கக் கருங்கல். வாசல் நிலையும் கல். அதற்கு மேல் பதினொரு நிலைகளும் செங்கல்லும் சுண்ணாம்பும், குறுக்கே மர உத்தரங்கள். ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிடக் குறுகல். உள்ளே கூடு; படி ஏறிப் போகலாம் (விட மாட்டார்கள், அது வேறு). 192 அடி என்று எழுதுகிறார்கள். கனம் கீழே, இலேசு மேலே; அமுக்கம் நேராக இறங்க வேண்டும், இழுவிசை எங்கும் வரக் கூடாது. கவிகை ஆனாலும் கூம்பிப் போகும் கோபுரம் ஆனாலும் கம்பி தெரியாத காலத்துக் கொத்தனாருக்கு இருந்த வழி இதுதான்.

வயதுக்கு வருவோம். உங்கள் வீட்டம்மா சொல்வது ஊர் மரபு. பாண்டியன் வல்லபதேவன் அவையில் பரதத்துவம் நிலைநாட்டிப் பொற்கிழி பெற்ற பெரியாழ்வார், அந்தப் பொன்னைக் கொண்டு கோபுரம் எடுப்பித்தார் என்பது. ஆழ்வார் காலத்தை எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைப்பது ஆய்வாளர் வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் யாரும் பதினொரு நிலைக் கோபுரம் கட்டவில்லை. அப்போது உயர்ந்தது கருவறை மேல் விமானம். அதற்கு இருநூறு ஆண்டுக்கு அப்புறம், 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள்: விமானம் 216 அடி என்கிறார்கள், வாசல் கோபுரங்கள் அதற்கு முன் குழந்தை மாதிரி நிற்கும். பின்னால்தான் விமானம் அடங்கி, வாசல் உயர்ந்தது. விண்ணை முட்டும் கோபுரம் என்பது விஜயநகர, நாயக்கர் காலத்து உடம்பு. கண்ணுக்குத் தெரிகிற கோபுரத்தை அங்கேதான் வைக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டம்மா சொன்னது தப்பா? பாந்தியன் முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வெட்டியிருக்கும், நினைவிருக்கிறதா? மார்க்கஸ் அக்ரிப்பா கட்டினான் என்று அதற்குப் பொருள். அக்ரிப்பா கி.மு. முதல் நூற்றாண்டு ஆள். அவன் கட்டியது எரிந்துபோயிற்று. நீங்கள் அண்ணாந்து பார்த்த கவிகை, ஹேட்ரியன் பேரரசன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் எழும்பியது. முழுக்கப் புதிதாகக் கட்டிவிட்டு, முதலில் கட்டியவன் பெயரையே நெற்றியில் எழுதிவைத்தான் ஹேட்ரியன். ரோம் அந்தப் பெயரை அழிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் பெரியாழ்வார் பெயரை அழிக்கவில்லை. கட்டடத்துக்கு ஒரே ஒரு பிறந்த தேதி உண்டு என்று நாம் நினைப்பதால் வருகிற வழக்கு இது. உங்கள் வீட்டுக்கு 1988 என்று எழுதினீர்கள். மாடி எப்போது ஏற்றினீர்கள், கீழ்த்தளம் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் நாலு தேதி வரும்.

இங்கே ஒரு தற்செயல். மதுரையில் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த 1623-ஆம் ஆண்டுதான் ரோமில் எட்டாம் அர்பன் போப்பாண்டவர் ஆனார். ரோமில் உங்களுக்குக் காட்டிய புனித பேதுரு பேராலயம் 1626-இல் அர்ப்பணம் ஆனது. அதற்குள் நிற்கும் வெண்கல விதானம் சிற்பி பெர்னினி அர்பனுக்குச் செய்துகொடுத்தது. வெளியே கைநீட்டி அணைப்பதுபோல் நிற்கும் தூண் வரிசையைத் தொடங்கியது 1656-இல். திருமலை நாயக்கர் 1659-இல் காலமானார். ஆக, பழைய ரோம் என்று நாம் வாய் பிளந்து பார்ப்பதில் பெரிய பங்கு நாயக்கர் காலத்தது. உங்கள் ஊர்ப் பக்கத்து மண்டபங்களுக்கும் அதற்கும் ஒரே வயது. நாணயம் எறிந்துவிட்டு வந்திருப்பீர்களே அந்தத் திரெவி நீரூற்று, அது இன்னும் சின்னப்பிள்ளை: 1762-இல்தான் முடிந்தது.

ரோமுக்கும் மதுரைக்கும் அப்போது போக்குவரத்தும் இருந்தது. இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குருமார்கள் இங்கே நடப்பதையெல்லாம் ரோமில் இருக்கும் தங்கள் தலைமைக்குக் கடிதமாக எழுதினார்கள். மைசூர்ப் படை சத்தியமங்கலம் தொடங்கி மூக்கறுத்துக்கொண்டே வந்தது, நாயக்கர் படை பதிலுக்கு மூக்கறுக்கப் போனது, இந்த விவரமெல்லாம் 1659-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. ஆர். சத்தியநாத ஐயர் 1924-இல் மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியபோது இந்தக் கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். நம் அரசர் கதையில் ஒரு பாதி நம் கல்வெட்டில் இருக்கிறது, மறு பாதி நீங்கள் போய்வந்த ஊரின் பெட்டியில் இருந்து வந்தது. வீரமாமுனிவரும் இத்தாலியர்தான். அவர் ஊழியம் செய்த காமநாயக்கன்பட்டி கோவில்பட்டிப் பக்கம். உங்களுக்கு எட்டிப் பார்க்கும் தூரம். அங்கே போய்விட்டு வாருங்கள், இத்தாலிப் பயணம் அப்போதுதான் முடிந்ததாகும்.

மதுரையில் உள்ள திருமலை நாயக்கர் மகாலை ஓர் இத்தாலியச் சிற்பி வடிவமைத்தார் என்று மருமகன் சொல்லக்கூடும். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சிற்பிக்குப் பெயரும் இல்லை, ஓலையும் இல்லை. வளைவையும் பருத்த தூணையும் பார்த்து யாரோ கிளப்பிவிட்ட பேச்சு என்றே நான் நினைக்கிறேன். உறுதியாகத் தெரிந்தது வேறு: திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் அந்த மகாலில் ஒரு பகுதியைப் பிரித்து எடுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். இப்போது நிற்பது கால்வாசி என்பார்கள். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் கண்ணில் பட்டு அது பிழைத்தது.

ரோமில் கொலோசியம் பட்ட பாடும் இதே. கி.பி. 80-இல் திறந்த அரங்கம். விளையாட்டு நின்றது, ஆள் போக்குவரத்து நின்றது, 1349 நிலநடுக்கத்தில் ஒரு பக்கம் சரிந்தது, அப்புறம் பல நூற்றாண்டு அது கல் குவாரி. அரண்மனை கட்டுகிறவனும் தேவாலயம் கட்டுகிறவனும் வண்டி கட்டி அள்ளினான். பாந்தியன் மட்டும் எப்படி முழுசாக நின்றது? 609-இல் அதைத் தேவாலயமாக மாற்றினார்கள். விளக்கேற்ற ஆள் இருந்தது, ஒழுகினால் அடைக்க ஆள் இருந்தது. அப்போதும் நம் அர்பன் போப் அதன் முன்மண்டபத்து வெண்கலத்தைக் கழற்றிப் பீரங்கி வார்க்க எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்து நிமிட நடையில் பார்க்கலாம். கோயில் முழுசாக நிற்கிறது; நாயக்கர் தங்குவதற்குக் கட்டிய சிறு அரண்மனை உருக்குலைந்து, இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அரசர் போனால் அரண்மனைக்கு வேலை இல்லை. கோயிலுக்கோ விடிந்தால் வேலை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு விதி வைத்தார்களே, பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொறியாளர் கண்ணால் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டில் சுதை வெடிக்கும், இடுக்கில் அரசஞ்செடி முளைக்கும், கலசம் ஆட்டம் கொடுக்கும். சாரம் கட்டி ஒரு தடவை உச்சி வரை கைபட்டுப் பார்த்துவிட வேண்டும். பராமரிப்பு அட்டவணையை இதைவிடக் கெட்டியாக எந்த ஆலையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். உங்கள் ஆலையில் சூளையை நிறுத்தி உள்செங்கல் மாற்றுவீர்கள் இல்லையா, அது மாதிரி.

ஆனால் இங்கே உங்கள் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புக் கட்டடத்தின் விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசுகிற பழக்கம் நாட்டில் பரவிக்கிடக்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். சிமென்ட் பூச்சு அந்த வாயை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் செங்கல்லில் உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வரும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். மேலே எனாமல் பெயின்ட் அடித்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், நானூறு ஆண்டுத் தூணுக்குக் கீழே வழவழ டைல்ஸ் பதித்திருப்பதைப் பார்த்து உபயதாரரிடம் கேட்டேன். கழுவிவிட வசதி சார் என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. புதுக் கட்டடத்துக்குச் சிமென்ட்டை மிஞ்ச ஒன்றும் இல்லை; பழசுக்குப் பழைய மருந்துதான். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் தென்பாண்டிச் சீமையிலும் செட்டிநாட்டிலும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் ஒரு நாள். எல்லோரும் நேரே ஆண்டாள் சந்நிதிக்குப் போவார்கள். நீங்கள் வடபத்ரசாயி கோயிலில் தொடங்குங்கள். பெரிய கோபுரம் அந்தக் கோயிலின் வாசல்தான். காலை வெயில் கிழக்கு முகத்தில் விழும்போது, தெருவில் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து பாருங்கள். மதுரைக் கோபுரங்கள் மாதிரி வண்ணச் சுதைப் பொம்மைகள் மொய்த்துக் கிடக்காது. தூண், மாடம், கூடு என்று கட்டட வரியே தெரியும். பொம்மை இல்லாததால்தான் கோபுரத்தின் எலும்பு தெரிகிறது. எனக்கு இது மதுரையைவிட அழகு. (மருமகனிடம் சொல்ல வேண்டாம்.)

உள்ளே இரண்டு தளம். கீழே நரசிம்மர், படியேறினால் ஆலிலைத் துயிலும் பெருமாள். ஏறுவதற்கு முன் மண்டபத்து மர விதானத்தைப் பாருங்கள். கல்லில் தேடுகிற கண் மரத்தை விட்டுவிடும். அங்கிருந்து நந்தவனம்: துளசி மடியில் குழந்தை ஆண்டாளைப் பெரியாழ்வார் கண்டெடுத்த இடம் என்று காட்டுவார்கள். அப்புறம் ஆண்டாள் கோயில். அங்கே நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். வேணுகோபாலன், வீரபத்திரன் என்று ஆளுயரத்தில் நிற்கிறார்கள். கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் கருடனும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். ஆண்டாள் கையில் இருக்கும் கிளி இலையாலும் பூவாலும் தினமும் புதிதாகச் செய்வது, மூக்குக்கு மாதுளம்பூ. ரோமில் 1,900 ஆண்டு நின்ற கல்லைப் பார்த்தீர்கள். இங்கே ஒரு நாளுக்கு மேல் நிற்காத ஒன்றை விடாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். புரட்டாசியில் இவள் சூடிக்களைந்த மாலை திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்கு, அழகருக்கு. மருமகன் ஊர் அழகர் ஆற்றில் இறங்குவது உங்கள் ஊர் மாலையோடுதான்.

ரதவீதியில் தேரடியில் நின்று தேரின் அளவைப் பாருங்கள். ஆடிப்பூரத்துக்கு ஓடும் தேர். மரச் சக்கரக் காலத்தில் நிலைக்கு வரப் பல நாள் ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வடம் பிடிப்பவனைவிட முக்கியமானவன் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவன். அவன் கை தவறினால் வீட்டுத் திண்ணை போகும். பின்னாளில் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்து தேர் அன்றன்றே நிலைக்கு வருகிறது. முட்டுக்கட்டை என்ற சொல் மட்டும் அரசியல்வாதிகளிடம் தங்கிவிட்டது.

மதியத்துக்கு மேல் அரண்மனை. அது முடிந்து மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயில். திருமலை நாயக்கருக்குத் தீராத வயிற்றுவலி அங்கே தீர்ந்ததாகவும், அதன்பின் இங்கே பூஜை முடிந்த சேதி தெரிந்த பிறகே மதுரையில் அவர் சாப்பிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். சேதி போக வழியெல்லாம் நகரா மண்டபம்; ஒன்றில் முரசு அறைந்தால் கேட்டு அடுத்ததில் அறைவார்களாம். கதையோ நிஜமோ, மதுரைச் சாலையோரம் தனியே நிற்கிற மண்டபங்களைக் கண்டால் இனிமேல் சும்மா கடந்துபோக மாட்டீர்கள். திருமுக்குளம் சாயங்காலம் அழகு. மார்கழியில் ஆண்டாளின் எண்ணெய்க்காப்பு அங்கே நடக்கும். நேரமிருந்தால் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம். அன்றைக்கு இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டம். 1910-இல் ராமநாதபுரத்துக்குப் போய், 1985-இல் இப்போதைய மாவட்டத்துக்கு வந்தது. நூலகம் நகரவில்லை, மாவட்டம்தான் அதைத் தாண்டி நகர்ந்தது.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் நண்பர்கள் உங்களுக்கு இருப்பார்கள். கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா என்ற காவியத்தைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். அரசர் எழுதிய அந்தத் தெலுங்குக் காவியத்துக்கு நாயகி ஆண்டாள். காவியம் வில்லிபுத்தூரின் வருணனையோடு தொடங்குகிறது. ஹம்பியிலிருந்து ஆண்ட ஒரு பேரரசர் நம் ஊர்த் தெருவைக் கற்பனை செய்து எழுதியிருக்கிறார். 1529-இல் அவர் காலம் முடிந்தது. ஆகவே பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இந்த ஊரின் பேர் அவ்வளவு தூரம் எட்டியிருந்தது என்று கொள்ளலாம்.

இன்னொரு நாள் மிச்சமிருந்தால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வெம்பக்கோட்டை. வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியது. சங்கு வளையல், சுடுமண் பொம்மை, தங்கத் துணுக்கு, திமில் காளை செதுக்கிய சூதுபவளம் என்று வந்தன. பிளினி காசு போகிறதே என்று அழுதாரே, அந்த மாதிரி வியாபாரம் நடந்த பழைய உலகத்தின் உள்நாட்டு முனை இங்கேதான் எங்கோ இருந்தது.

முத்திரை. 1949-இல் வந்த சின்னம் அது: நடுவே கோபுரம், முன்னால் அசோகர் சிங்கம், இருபுறமும் தேசியக் கொடி. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பள்ளிக்கூடம் முதல் போட்டித் தேர்வு வரை சொல்லிவருகிறார்கள், ரசிகமணி டி.கே.சி. சொன்ன யோசனை என்றும் ஒரு பேச்சு உண்டு. வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். அவர் மனதில் இருந்தது மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. சின்னத்தில் இருப்பது கோட்டோவியம். அதில் நிலைகளை எண்ணி, உயரத்தை அளந்து தீர்ப்பு எழுத முடியாது. பொம்மைகள் இல்லாத வெறும் கட்டட வரி என்பது உங்கள் பக்கம் பேசும். ஓவியர் பிறந்த ஊர் மருமகன் பக்கம் பேசும். என் சாய்வு உங்கள் பக்கம்தான். ஆனால் இதை அச்சில் காட்டி அவரிடம் வாதாடப் போகாதீர்கள். அடுத்த வருஷம் வெனிஸ் கூட்டிப் போவதாகச் சொல்லியிருப்பார்.